பக்தாதுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

2022 செப்டம்பரில், பிரான்ஸ் நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் அடுத்த வீடியோ விளையாட்டை அறிவித்தது. பெயர் ‘அசாசின்ஸ் கிரீட் மிராஜ்’. கதை நிகழும் இடம் பக்தாத். காலம் கி.பி. 861. நாயகன் பாஸிம் இப்னு இஸ்ஹாக் என்னும் இளைஞன். வெளியீடு 2023இல் என்றார்கள். பின்னர் அக்டோபர் 12 என்று நாள் குறித்தார்கள். இறுதியில் ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 5 அன்றே வெளியிட்டார்கள். ஏறத்தாழ 13 மாதங்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கான இளைஞர்கள் அப்பாஸியர் காலத்துப் பக்தாதின் தெருக்களில் நடப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

இவ்வகை விளையாட்டைத் ‘திறந்த உலக’ விளையாட்டு என்பார்கள். ஒரு நகரமோ ஒரு நாடோ திரையில் விரிந்து கிடக்கும். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, விரும்பிய தெருவில் நடக்கலாம், விரும்பிய கடையில் நிற்கலாம், எவரிடமும் பேசலாம். இதே வரிசையில் 2020இல் வந்த ‘வல்ஹால்லா’வை முழுமையாக ஆடி முடிக்க நூறு மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. ‘மிராஜ்’ அதன் பின்னிணைப்பாகத் தொடங்கப்பட்டுத் தனி விளையாட்டாக வளர்ந்தது. முழுக்க அரபு மொழியிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள் என்பதால் முஸ்லிம் இளைஞரிடையே எதிர்பார்ப்பு இன்னும் மிகுந்தது.

பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர்க் குடும்பங்களுக்கும் இந்தக் காத்திருப்பு புதியதன்று. ஒன்றரை ஷிப்ட் முடித்து அத்தா வீடு திரும்பும்போது, மகன் கைப்பேசியில் ஏதோ ஒரு விளையாட்டின் முன்னோட்டத்தை ஐந்தாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் பிறர் ஆடுவதை யூடியூபில் பார்ப்பார்கள். இதைக் காணும் பெற்றோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்: அதட்டுகிறோம், அல்லது கண்டும் காணாமல் போகிறோம். ஆயினும் பக்தாதைப் பொறுத்தவரை ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை ஆவலோடு எதிர்நோக்கியது நம் இமாம்கள் வாழ்ந்த நகரத்தை. அந்த நகரின் வரலாற்றை அவனுக்கு முதலில் சொல்லப்போவது யார்? விளையாட்டு நிறுவனமா, வீட்டாரா? காத்திருக்கும் மாதங்களே அதற்கு விடை காணும் காலம் என்பது நம் கருத்து.

பருத்திக் கொட்டையில் எரிந்த வட்டம்

ஹிஜ்ரி 145இல், அதாவது கி.பி. 762இல், அப்பாஸியக் கலீஃபா அபூ ஜஅஃபர் அல்மன்சூர் தஜ்லா நதிக்கரையில் ஒரு புதிய தலைநகரை எழுப்பத் தொடங்கினார். அதற்கு மதீனத்துஸ் ஸலாம், அமைதியின் நகரம் என்று பெயரிட்டார். அது வட்ட வடிவ நகரம். குராசான், ஷாம், கூஃபா, பஸ்ரா ஆகிய நான்கு திசைகளை நோக்கி நான்கு வாயில்கள். நடுவில் அரண்மனையும் பெரிய பள்ளிவாசலும்.

கட்டுமானம் தொடங்குமுன் அந்த வடிவத்தைக் கண்ணால் காண விரும்பிய மன்சூர், தரையில் சாம்பலால் கோடுகளை வரையச் செய்தார். பின்னர் அக்கோடுகளின் மீது பருத்திக் கொட்டைகளைப் பரப்பி, நஃப்தா எண்ணெய் ஊற்றித் தீ மூட்டச் செய்தார். எரியும் கோடுகளில் நகரத்தின் உருவம் தெரிந்தது. வரலாற்றாசிரியர் தபரி (ரஹ்) பதிவு செய்துள்ள செய்தி இது. கணினி வரைபடங்கள் தோன்றுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்தின் ‘முன்னோட்டம்’ இவ்வாறு காட்டப்பட்டது. அதற்கு எரிபொருளானது பருத்தியின் விதை என்பதைப் பருத்தியால் பிழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதே கட்டுமானத்தில் இன்னொருவரின் பெயரும் வருகிறது. கூஃபாவில் பட்டுத் துணி வணிகம் செய்துவந்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களை நீதிபதிப் பதவியை ஏற்குமாறு மன்சூர் வற்புறுத்தினார். இமாம் மறுத்துவிட்டார்கள். அதனால் நகரக் கட்டுமானத்தில் செங்கற்களை எண்ணும் பொறுப்பு அவர்களுக்குத் தரப்பட்டது என்றும், ஒவ்வொன்றாக எண்ணாமல் அடுக்குகளைக் கோலால் அளந்து கணக்கிட்டார்கள் என்றும் தபரி குறிப்பிடுகிறார். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) இமாம் பக்தாதிலேயே மரணமடைந்தார்கள். நம் பகுதியின் ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலானவை பின்பற்றுவது அவர்களின் மத்ஹபையே. வணிகராக வாழ்ந்து, ஆட்சியாளர் நீட்டிய பதவியை மறுத்து, செங்கல் எண்ணிய ஓர் இமாமின் நகரம் அது.

இன்று அந்த வட்ட நகரின் ஒரு சுவர்கூட நிலத்தின் மேல் இல்லை. 1258இல் மங்கோலியப் படைத்தலைவன் ஹுலாகு பக்தாதை அழித்தான். அதற்கு முன்பே உள்நாட்டுப் போர்களும் வெள்ளங்களும் பழைய வட்ட நகரைச் சிதைத்திருந்தன. அதன் அமைப்பை உலகம் அறிவது நூல்களின் வழியாகத்தான். 9ஆம் நூற்றாண்டின் யஃகூபி, வாயில்களையும் தெருக்களையும் சந்தைகளையும் எழுதிவைத்தார். 1071இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் அல்கத்தீப் அல்பக்தாதி (ரஹ்), ‘தாரீக் பக்தாத்’ என்னும் பெருநூலில் நகரின் அளவுகளையும், அங்கு வாழ்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வரலாற்றையும் தொகுத்தார். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை ஆராய வேண்டும் என்ற மார்க்கத் தேவையே அத்தொகுப்புக்கு உந்துதல். செங்கல் அழிந்துபோன நகரத்தை எழுத்து காத்துத் தந்தது. எழுத்து இல்லையேல் திரையில் எழுப்புவதற்கும் எவரிடமும் ஒரு பக்தாத் இருந்திருக்காது.

விளையாட்டின் 861, வரலாற்றின் 861

கதைக்கு ஆண்டைத் தேர்ந்தெடுத்ததில் நிறுவனத்தார் வரலாற்றை அறிந்தே செயல்பட்டனர். 861 டிசம்பரில் கலீஃபா முதவக்கில் தம் துருக்கியக் காவல் வீரர்களால் கொல்லப்பட்டார். கொலை நடந்த இடம் பக்தாத் அன்று, சாமர்ரா. 836 முதல் 892 வரை கலீஃபாக்களின் தலைநகரம் அதுவே. முதவக்கிலுக்குப் பின் ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு கலீஃபாக்கள் மாறினார்கள். 865இல் பக்தாத் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 869இல் பஸ்ராவின் உப்புச் சதுப்பு நிலங்களில் அடிமைகளாக உழன்ற கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அக்கிளர்ச்சி 883 வரை நீடித்தது. அரசியலில் அது இருண்ட காலம்.

அதே ஆண்டில் வேறு சிலரும் உயிரோடு இருந்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கு அப்போது சுமார் ஐம்பது வயது. அவர்கள் 870இல் மறைந்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) 875இல் மறைந்தார்கள். மெய்யியல் அறிஞர் அல்கிந்தியும், கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொணர்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அன்று பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். பனூ மூசா சகோதரர்கள் நீரின் அழுத்தத்தால் தாமே இயங்கும் கருவிகளைப் பற்றி நூல் எழுதியது அந்நூற்றாண்டில்தான். விளையாட்டில் ‘ஹர்பிய்யா’ என்றொரு பகுதி வருகிறது. ஹர்ப் வாயிலை ஒட்டிய அடக்கத்தலத்தில்தான், 855இல், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அடக்கம் செய்யப்பட்டார்கள். கதை தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது அது. ஆட்சியாளர் திணித்த கொள்கையை ஏற்க மறுத்துச் சவுக்கடி பட்ட அந்த இமாமின் உறுதியை நகரம் அன்று மறந்திருக்க முடியாது.

விளையாட்டின் கதை இவர்களை மையமாகக் கொள்ளவில்லை. கூரை விட்டுக் கூரை தாவி, மணிக்கட்டில் மறைத்த கத்தியால் கொல்லும் இரகசியக் குழுவினரே அங்கு நாயகர்கள். அவர்களுடைய பாசறையாக அலமூத் கோட்டை காட்டப்படுகிறது. வரலாற்றில் நிஸாரி இஸ்மாயீலியரின் தலைவர் ஹஸன் இப்னு ஸப்பாஹ் அலமூத்தைக் கைப்பற்றியது 1090இல், அதாவது கதையின் ஆண்டுக்கு 229 ஆண்டுகள் கழித்து. அவர்களைப் பற்றிய போதைக் கதைகளைப் பகைவரும் பயணிகளும் பரப்பினர். 1938இல் ஸ்லோவீனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் எழுதிய ‘அலமூத்’ நாவல் அக்கதைகளுக்குப் புத்துயிர் தந்தது. 2007இல் வந்த இவ்வரிசையின் முதல் விளையாட்டுக்கு அந்நாவலே தூண்டுகோல். உறுதியான உண்மை ஒன்றுமில்லை, விலக்கப்பட்டது ஒன்றுமில்லை என்ற பொருளில் இவ்வரிசை முழுவதும் ஒலிக்கும் கொள்கை வாசகமும் அந்த வழியில் வந்ததுதான். அது எந்த முஸ்லிமின் கொள்கையும் அன்று. ஏக இறைவனை ஏற்று, ஹலால் ஹராம் எல்லைகளுக்குள் வாழ்பவனின் நம்பிக்கைக்கு அது நேர் எதிரானது. கலீஃபா முஅதஸ்ஸின் தாயான கபீஹா வரலாற்றில் வாழ்ந்த பெண். அவரை ஒரு கற்பனைச் சதிக்குழுவின் தலைவியாக இவ்விளையாட்டு ஆக்கியிருக்கிறது. ஆடும் பிள்ளைக்கு எது வரலாறு, எது புனைவு என்று பிரித்துக்காட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. விளையாட்டுக்குள்ளேயே பக்தாதின் அறிவியல், கலை, அன்றாட வாழ்வு பற்றிய குறிப்பேடு ஒன்றை அமைத்து, பாரீசின் அரபுலக ஆய்வு நிறுவனம் முதலியவற்றின் துணையோடு பழம்பொருட்களின் படங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பாழ்நிலமாகவும் போர்க்களமாகவும் மட்டுமே முஸ்லிம் நகரங்களைக் காட்டிப் பழகிய திரைகளில், பசுமையும் நூலகங்களும் சந்தைகளும் நிறைந்த பக்தாதைக் காட்டியதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அதைக் காண நம் பிள்ளைகள் ஏங்கியது இயல்பே.

துணி நெய்தவர்களின் நகரம்

அந்தச் சந்தைகளில் நின்று பார்த்தால் திருப்பூர்க்காரருக்கு அந்நியமாக ஒன்றும் தோன்றாது. மன்சூர் தம் ஆட்சியிலேயே சந்தைகளை வட்ட நகருக்கு வெளியே, தெற்கே உள்ள கர்க் பகுதிக்கு மாற்றினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனித் தெரு. காகிதமும் நூலும் விற்கும் வர்ராக்குகளுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்ததாக யஃகூபி எழுதுகிறார். ‘தாரீக் பக்தாத்’தில் வரும் அறிஞர்களின் பெயர்களைப் பாருங்கள்: கத்தான் என்றால் பருத்தி வணிகர், பஸ்ஸாஸ் என்றால் துணி வணிகர், கய்யாத் என்றால் தையற்காரர். பகலில் துணி அளந்த கை, இரவில் ஹதீஸ் எழுதியது. கல்விக்கும் தொழிலுக்கும் இடையே அன்று சுவர் இல்லை.

பக்தாதில் அத்தாபிய்யா என்றொரு பகுதி இருந்தது. பட்டும் பருத்தியும் கலந்து, பல நிறக் கோடுகளோடு நெய்யப்பட்ட ‘அத்தாபி’ துணி அங்கிருந்து உலகெங்கும் சென்றது. 1184இல் பக்தாத் வந்த அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைரும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அத்துணி ஐரோப்பா சென்றபோது பெயர் திரிந்து ‘டாபி’ ஆயிற்று. உடலில் கோடுகள் உள்ள பூனையை ஆங்கிலத்தில் ‘டாபி’ என்பது அத்துணியின் கோடுகளைக் கொண்டே. அத்தாபிய்யாவின் பெயர், மக்கா வெற்றிக்குப் பின் நபி (ஸல்) அவர்களால் மக்காவின் ஆளுநராக அமர்த்தப்பட்ட அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லாய்வாளர்கள் கூறுவர்.

பின்னலாடைக்கும் இதே உறவு உண்டு. ஊசிகளால் கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்ட துணிகளில் இன்று கிடைத்துள்ள மிகப் பழையவை, முஸ்லிம்களின் ஆட்சிக்கால எகிப்தில், சுமார் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை செய்யப்பட்ட பருத்திக் காலுறைகள். நீலமும் வெள்ளையுமான நூலில், சிலவற்றில் கூஃபி எழுத்தின் சாயலில் அல்லாஹ்வின் பெயர் வரிவரியாகப் பின்னப்பட்டுள்ளது. திருப்பூரின் முதல் பனியன் ஆலையான ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ 1925இல் குலாம் காதர் என்பவரால் தொடங்கப்பட்டது என்பதை இந்நகரின் தொழில் வரலாறு பதிவு செய்திருக்கிறது. எகிப்தின் காலுறைக்கும் அந்த ஆலைக்கும் நேர்வழித் தொடர்பு இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. நூலையும் கண்ணியையும் நம்பிப் பிழைப்பது நம் சமுதாயத்துக்குப் பழைய வழக்கம் என்பதே கருத்து. பவர் டேபிளில் அமரும் அத்தாவும், செக்கிங் மேசையில் நிற்கும் அம்மாவும், மகன் ஏங்கும் அந்த நகரின் நாயகர்களுக்கு மிக நெருக்கமானவர்கள். இதை அவனுக்குச் சொல்லும் விளையாட்டு எதுவும் இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஷத்ரஞ்சுப் பலகையின் முன் இமாம்கள்

விளையாட்டைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்ற கேள்வியும் புதியதன்று. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது அது ‘ஷத்ரஞ்ச்’ என்ற பெயரில் அரபுலகை அடைந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்அத்லி என்பவர் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கதையின் தொடக்கத்தில் கொல்லப்படும் அதே முதவக்கிலின் அவையில் அவர் ஆடியவர்.

புதிதாக வந்த இந்த ஆட்டத்தை அறிஞர்கள் எப்படி அணுகினார்கள்? ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் அதை மக்ரூஹ், விரும்பத்தகாதது என்றார்கள். ஆனால் பந்தயப் பணம் வைத்தாலோ, தொழுகை தவறினாலோ, தீய பேச்சுக்கு இட்டுச் சென்றாலோ ஹராம் ஆகிவிடும் என்று எல்லை வகுத்தார்கள். பகடையை நம்பிய ‘நர்த்’ ஆட்டத்துக்கு ஹதீஸிலேயே தடை வந்திருப்பதால், அதிலிருந்து இதை வேறுபடுத்தியும் விவாதித்தார்கள். கருத்து வேறுபட்டாலும் அவர்கள் அனைவரும் கேட்ட கேள்விகள் ஒன்றே. பணம் எங்கே போகிறது? தொழுகை என்ன ஆகிறது? நாவு எப்படிப் பேசுகிறது?

இக்கேள்விகள் இன்றும் பொருந்துகின்றன. ‘மிராஜ்’ அறிவிக்கப்பட்ட நாட்களில் ஓர் இணையக் கடையின் பக்கத்தில், அதில் உண்மையான சூதாட்டம் இருப்பதாகக் குறிப்பு வந்தது. நிறுவனம் அதை மறுத்து, அப்படி ஏதும் இல்லை என்று விளக்கியது. ஆனால் வேறு பல விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கும் முறை உண்டு. 2018இல் பெல்ஜிய அரசின் சூதாட்ட ஆணையம் அதைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இவற்றோடு வயதையும் பார்க்க வேண்டும். ‘மிராஜ்’ ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியோருக்கென வகைப்படுத்தப்பட்ட விளையாட்டு. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் வீட்டில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

இமாம்களின் எச்சரிக்கையை, மார்க்கம் மகிழ்ச்சிக்கே எதிரி என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளக் கூடாது. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளோடு ஆடிக் காட்டியதையும், அன்னை ஆயிஷா (ரலி) சலிப்புறும் வரை பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் நின்று மறைப்புத் தந்ததையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். உள்ளத்துக்கும் ஓய்வு தேவை என்பதை அவர்கள் மறுத்ததில்லை. ஓய்வு எங்கே முடிய வேண்டும் என்பதே கேள்வி.

காத்திருப்பின் ஒழுக்கம்

காத்திருத்தல் என்றால் என்ன என்று திருப்பூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாம்பிள் ஒப்புதலுக்குக் காத்திருப்போம். நூல் வர வேண்டும், நிட்டிங் முடிய வேண்டும், சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்ப வேண்டும், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் கடந்து ஷிப்மென்ட் நாளைத் தொட வேண்டும். ஒரு கட்டத்தில் அவசரப்பட்டால் கடைசியில் பையர் சரக்கைத் திருப்பிவிடுவார்.

விளையாட்டுத் தொழிலிலும் இதே விதிதான். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2012இல் ‘சைபர்பங்க் 2077’ என்ற திறந்த உலக விளையாட்டை அறிவித்தது. 2020 ஏப்ரல் 16 என்று நாள் குறித்து, செப்டம்பர் 17, நவம்பர் 19 என்று தள்ளி, டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. கடைசி வாரங்களில் ஊழியர்கள் வாரத்துக்கு ஆறு நாள் உழைக்க வேண்டியதாயிற்று. இருந்தும் பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் அது சரிவர இயங்கவில்லை. எட்டே நாளில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை விலக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. எட்டு ஆண்டுக் காத்திருப்பின் முடிவு அது. முன்னோட்டத்தில் மின்னும் ஒவ்வொரு தெருவுக்குப் பின்னும் தூங்காத தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பது பகல்-இரவு ஷிப்ட் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் பிள்ளை, தான் ஆடும் பொருள் எப்படி உருவாகிறது என்றும் கேட்கப் பழக வேண்டும்.

இப்போது அவர்கள் காத்திருப்பது ‘ஜிடிஏ 6’க்கு. முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வந்தது. வெளியீடு 2025 என்றார்கள். பின்னர் 2026 மே 26 என்றார்கள். அதன்பின் 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். குற்றவாளிகளை நாயகராக்கிய அவ்விளையாட்டில் நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டத் தக்க பக்தாத் ஏதும் இல்லை. அங்கே மறுப்பு நேரடியாகவே இருக்க வேண்டும். மறுக்கும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். மறுத்த இடத்தில் வேறொன்றை வைக்கவும் வேண்டும்.

எதை வைப்பது? நம் மக்தபுகளிலும் வீடுகளிலும் எளிதாகச் செய்யத்தக்க சில உண்டு. பிள்ளை ஒரு விளையாட்டுக்காகக் காத்திருந்தால், அக்கதை நிகழும் ஆண்டைக் கேட்டு, அவ்வாண்டில் வாழ்ந்த இமாம்களையும் அறிஞர்களையும் சேர்ந்து தேடிப் பார்க்கலாம். மன்சூரின் வட்ட நகரை ஒரு தாளில் வரையச் சொல்லி, நான்கு வாயில்களின் பெயரை எழுதச் சொல்லலாம். ஞாயிறன்று காதர்பேட்டைக்கு அழைத்துச் சென்று, கர்க் சந்தையும் இப்படித்தான் தொழில்வாரியாகத் தெருக்கள் கொண்டிருந்தது என்று காட்டலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம், பாங்கு சொன்னதும் நிறுத்தம், பணம் கட்டும் ஆட்டம் இல்லை என்ற மூன்று நிபந்தனைகளையும் விளையாட்டு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வந்தபின் பேசினால் அது சண்டையாகிவிடும்.

ஓய்வு நேரம் என்பது மனிதர்களில் பலர் இழப்புக்கு உள்ளாகும் அருட்கொடை என்பது நபிமொழியின் கருத்து. கையில் பொருள் வரும் முன்பே, காத்திருக்கும் நாட்களிலேயே அந்த நேரம் செலவாகத் தொடங்கிவிடுகிறது. அந்நாட்களில் வீட்டில் ஒருவர் அருகில் அமர்ந்து வரலாற்றைச் சொன்னால், பிள்ளை திரையில் பக்தாதைக் காணும்போது செங்கல் எண்ணிய இமாமையும் துணி நெய்த தெருவையும் அதில் தேடுவான். காணாவிட்டால், ஏன் இல்லை என்று கேட்பான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நேரத்திலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.